மண்டபக் கதவும் மாங்காய்ப் பூட்டும்

நியூகாஸில், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள சேது,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்குத் திட்டாதே. இங்கே ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் கதவு ஆய்வு, 140 கதவு. குனிந்து குனிந்து இடுப்பே போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தங்கச்சி அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று சொல். சொன்னால் புரிந்துகொள்ளும்.

வத்தலக்குண்டு ரோட்டில் நீயும் கல்யாண மண்டபம் கட்டுகிறாய் என்று படித்தபோது சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். மாடிப் பந்தலில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஓலையும் படிக்கட்டும்தான் அன்றைக்குப் பேச்சு. நான் அப்போது திண்டுக்கல் நாகல்நகர் பட்டறையில் அப்பாவோடு பூட்டுக்கு ராவிக்கொண்டிருந்தேன். கதவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

சரி, பின்பக்கக் கதவுக்கு வாங்கச் சொன்ன பானிக் பார், அதாவது கையால் தள்ளினாலே தாழ் விடுபடும் குறுக்குக் கம்பி, அந்த விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் 'ஃபாரின் சர்டிபிகேட் இருக்கு' என்றாராம். பொய்யில்லை. பெட்டியின் ஓரத்தில் இ.என். 1125 என்று போட்டிருக்கிறதே, அது பானிக் பாருக்கான ஐரோப்பியத் தரம். அதன் கீழே பத்துக் கட்டம் இருக்கிறது பார்: 3 7 6 0 1 3 2 2 ஏ பி. உன் போட்டோவைப் பெரிதாக்கி இதைப் படிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஜாதகக் கட்டம் மாதிரிதான், படிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் அதில் இருக்கிறது.

இரண்டாவது கட்டத்தில் 7 என்றால் இரண்டு லட்சம் தடவை தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவதில் 6 என்றால் 200 கிலோ வரை கனமுள்ள கதவு தாங்கும். நான்காவதில் 0 இருக்கிறதே, அங்கேதான் நிற்க வேண்டும். இந்தப் பார் தீத்தடுப்புக் கதவுக்கு ஆகாது என்று அர்த்தம். வெளியே போகிற ஒற்றைக் கதவில் என்றால் மாட்டலாம். சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் வைக்கப் போகிறேன் என்றாயே தீக்கதவு, அதில் மாட்டாதே. கடைசிக் கட்டத்தில் 'பி' வேறு. அப்படியென்றால் ஒற்றைக் கதவுக்கு மட்டும். உன் பின்வாசலோ இரட்டைக் கதவு. ஆக, சர்டிபிகேட் நிஜம், ஆனால் நீ மாட்ட நினைக்கிற இரண்டு இடத்துக்கும் அது பொருந்தாது.

ஐந்தாவது கட்டத்தில் எப்போதும் 1தான் இருக்கும். அது ஆள் பாதுகாப்புக்கான இடம், அதில் இரண்டாம் தரம் என்று ஒன்றே கிடையாது. வந்த புதிதில் அந்தக் கட்டத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.

சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? சும்மா இருக்கிற கதவில் பாரைத் தள்ளினால் 80 நியூட்டனுக்குள், அதாவது ஏறத்தாழ எட்டு கிலோ அழுத்தத்தில், விடுபட வேண்டும். அது சுலபம். அடுத்து, கதவின் மேல் 1000 நியூட்டன் சுமையை ஏற்றுவார்கள். பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது என்று வைத்துக்கொள். அந்த நெருக்கலில் தாழ்ப்பாள் கொண்டியைக் கவ்விக்கொண்டு சிக்கும். நம் பட்டறையில் பார்த்ததுதானே, இறுக்கத்தில் இருக்கிற பூட்டு நாக்கு லேசில் நகராது. அந்த நிலைமையிலும் 220 நியூட்டனுக்குள் திறந்தாக வேண்டும். முன்னால் மாட்டிக்கொண்டது ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்.

பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் சண்டர்லேண்ட். 1883 ஜூன் 16 அன்று விக்டோரியா ஹாலில் குழந்தைகளுக்கு மாயாஜாலக் காட்சி. முடியும்போது மேடையிலிருந்து பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மாடியில் இருந்த பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி இறங்கினார்கள். கீழே கதவு உள்பக்கம் திறப்பது. ஒவ்வொருவராக வரட்டும், டிக்கெட் பார்க்கலாம் என்று ஒரு பிள்ளை நுழையும் இடைவெளி விட்டுத் தாழ் போட்டிருந்தார்கள் என்கிறார்கள். தீ இல்லை, புகை இல்லை. 183 பிள்ளைகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பிறகு வந்தது. 1892ல் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். மௌப்ரே பூங்காவில் செத்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயின் பளிங்குச் சிலை இருக்கிறது. போன மாதம் சின்னவளைக் கூட்டிப் போனேன். 'அந்த அம்மா ஏன் அழுறாங்க' என்றாள். பதில் சொல்ல வரவில்லை.

தீக்கதவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மீதியைப் போனில் பேசலாம். கதவு, நிலை, கீல், கதவைத் தானாகச் சாத்தும் குளோசர், தாழ் எல்லாம் சேர்த்து ஒரே உருப்படியாக உலையில் மாட்டித்தான் சோதிக்கிறார்கள். நல்ல கதவை வாங்கி, ஆசாரி தன் இஷ்டத்துக்குப் பித்தளைக் கீல் போட்டு, பூட்டுக்குப் பெரிய துளையாகக் குடைந்துவிட்டால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. இடுக்கு பார்க்க நான் பையில் ஒரு பவுண்டு நாணயம் வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் கனம். பக்கவாட்டிலும் மேலேயும் அது தாராளமாகப் புகுந்து ஆடினால் குறை என்று எழுதிவிடுவேன். 2017ல் லண்டன் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் செத்த பிறகு அங்கிருந்த வீட்டுக் கதவு ஒன்றைச் சோதித்தார்கள். முப்பது நிமிடம் தாங்க வேண்டியது பதினைந்தில் விழுந்தது. குளோசரே இல்லாத கதவுகளும் அங்கே நிறைய. இப்போது இங்கே 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளில் பொதுவழித் தீக்கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

சட்டம் இருந்து என்ன? போன வாரம் ஒரு ஹாலில், பேர் வேண்டாம், அருமையான பானிக் பார், மேலே சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தது. ஏன் என்றேன். 'பையன்கள் காசு கொடுக்காமல் இந்தப் பக்கமாக நுழைகிறார்கள்' என்றார் மேனேஜர். நல்ல கனமான பூட்டு. பழக்கதோஷம், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், யார் செய்தது என்று.

உன் தேக்கு வாசல் கதவு உள்பக்கம் திறப்பதைப் பற்றி வருத்தப்படாதே. சாஸ்திரத்துக்கு அது இருக்கட்டும், விசேஷம் நடக்கும்போது முழுக்கத் திறந்து கொக்கி போட்டுவிடு. பக்கவாட்டுக் கதவு இரண்டையும் வெளிப்பக்கம் திறப்பதாக மாற்று, நிலை வைப்பதற்கு முன்னாலேயே. கொத்தனாரிடம் நாளைக்கே சொல். பின்வாசல் இரட்டைக் கதவின் அகலத்தையும் எடையையும் எழுதி அனுப்பு.

அப்புறம், அப்பா உனக்குக் கொடுத்த மாங்காய்ப் பூட்டு இன்னும் இருக்கிறதா? சாவியோடு ஒரு போட்டோ அனுப்பு.

உன்,
ராமு