சிறைப்புறத்தில் நிற்பவர்கள்

கோயம்புத்தூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. பாண்டி மறுபடியும் தொழில் மாற்றிவிட்டான், இந்த முறை செல்போன் கவர். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் மெஷினும், காத்திருக்கும் ஹாலில் தொங்குகிற டிவியும் செய்து கொடுத்தோம். டாக்டர் பட்டனை அழுத்தினால் அடுத்தவரின் பெயர் டிவியில் வரும், ஸ்பீக்கரும் வாசிக்கும். பெயர், அப்புறம் ‘குழந்தையின்மை சிகிச்சைப் பிரிவு, அறை 4’. அந்த வரியை எழுதியது நான்தான். தெளிவாக இருக்கிறது என்று மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒருநாள் ஹாலில் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, அதற்குள் ஸ்கேன் கவர். அவள் பெயரை வாசித்தது. எழவில்லை. முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்து, “நீ எங்க தெரு கோடி வீட்டு மருமகதானே?” என்றாள். ஸ்பீக்கர் இரண்டாம் முறை வாசித்தது. அந்தப் பெண் பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். மூன்றாவது அழைப்பு வருவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, சங்கப் பாட்டில் வரும் ‘சிறைப்புறம்’ நடத்திய நம் தமிழ் வாத்தியார் ஞாபகம்தான். தலைவன் வேலிக்கு வெளியே நிற்பான், தோழி தலைவியிடம் பேசுவதுபோல அவன் காதில் விழப் பேசுவாள். நீயும் நானும் கடைசி பெஞ்சில் அதை வைத்து என்னவெல்லாம் கிண்டல் செய்தோம்! தோழிக்குத் தெரியும், யாரிடம் பேசுகிறோம், யார் காதில் விழுகிறது என்று. என் ஸ்பீக்கருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

எங்கள் தொழிலில் தத்துவத்துக்குக் குறைச்சல் இல்லை. போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் ஹைடெகர் என்ற ஜெர்மன் தத்துவவாதியின் சுத்தியல் உதாரணத்தைக் காட்டினார்கள். 1927-இல் எழுதியது. கருவி ஒழுங்காக வேலை செய்யும்வரை கண்ணில் படாது, பழுதானால்தான் ‘நான் இருக்கிறேன்’ என்று முன்னால் வந்து நிற்கும். அம்மாவின் அரிவாள்மனைதான், வேறென்ன. மொக்கையாகும்வரை அவள் பார்ப்பது கத்தரிக்காயை மட்டும். நல்ல பாடம், மறுக்கவில்லை. ஆனால் ஹைடெகரின் பட்டறையில் சுத்தியலும் ஆணியும் ஆளும்தான். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர் யாருமில்லை. என் டிவி ஒருநாளும் பழுதாகவில்லை, முருகேசா. ஒழுங்காக வேலை செய்துதான் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பியது.

அதனால் பரணிலிருந்து உன் பழைய நோட்டை எடுத்தேன், தொல்காப்பியத்தில் பாட்டின் உறுப்புகளைச் சொல்லும் செய்யுளியல் பகுதிக்கு நீ எழுதியது. (ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. பதினெட்டு வருடமாகப் பாண்டியைச் சந்தேகப்பட்டாயே.) கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம். யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, எதற்காக, எதைச் சொல்லாமல் விட்டது. இதில் பாதியை நாங்கள் கேட்பதே இல்லை. நாங்கள் வரைகிற படங்களில் ஒரு பெட்டி, ஒரு அம்புக்குறி, அடுத்து என்ன, அடுத்து என்ன, அவ்வளவுதான்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் ‘பெர்சோனா’ என்று ஒரு பழக்கம். ஆலன் கூப்பர் என்பவர் 1999-இல் ஒரு புத்தகம் எழுதிப் பரப்பிவிட்டது. பயன்படுத்தப் போகிறவரைக் கற்பனை செய்து பெயர் வைத்து, போட்டோ ஒட்டிச் சுவரில் மாட்டுவோம். ‘லட்சுமி, 58, பில்டர் காபி பிடிக்கும்.’ காபி பிடிக்கும் என்பதை வைத்து இதுவரை ஒரு பட்டன்கூட மாறியதில்லை. தொல்காப்பியர் இதில் கண்டிப்பானவர். அகத்திணையில், அதாவது காதல் பாட்டில், ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’. பெயர் கூடாது, நிலைமை மட்டும். சுவரில் இருந்த லட்சுமியைக் கழற்றிவிட்டு, பாட்டுக்கு அடியில் யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்று துறை எழுதுவார்களே, அந்த மாதிரி எழுதி ஒட்டினேன்: ‘கண்ணாடி மறந்து வந்த பாட்டி, டோக்கன் மெஷின் முன் நின்று, பின்னால் நிற்பவர் பொறுமையிழக்க, காவலாளியிடம் கேட்டது.’ படித்ததும் எங்கள் ஜூனியர் பையன் எழுத்தைப் பெரிதாக்கவில்லை. மெஷினைச் சுவரோரமாகத் தள்ளிப் பக்கத்தில் இன்னொன்று வைக்கலாம் என்றான். காபி பிடிக்கும் லட்சுமி இதை ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டாள்.

நீ சிரிப்பாய். கேட்டுக்கொள், இதைவிடச் சிரிப்பு இருக்கிறது. திணை என்ற சொல் காதில் விழுந்ததும் மேனேஜருக்கு உற்சாகம் பிறந்து, குறிஞ்சிக்கு ஊதா, மருதத்துக்குப் பச்சை என்று ஐந்து கலர் கேட்டார். நான் எதைச் சொன்னேன், அவர் எதைக் கேட்டார்! நெய்தல் நீலத்தில் ஒரு பில்லிங் கவுண்டர் வரும், ஆசீர்வாதம் செய்.

சரி, அழைப்பை மாற்றினோம். பெயர் இல்லை, பிரிவு இல்லை. ‘47, அறை 4’, அவ்வளவுதான். நிம்மதியாக இருந்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் போனேன். 47 எழுந்து வரவில்லை, எண்ணைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன், நல்ல மனுஷன், உதவி செய்கிறாராம், ஹால் முழுக்கக் கேட்க, “47 யாரும்மா? குழந்தை இல்லாத கேஸு, சீக்கிரம் வாங்க!” என்றார்.

பாட்டில் தோழி இருக்கிற இடத்தில் எனக்கு இவர் இருக்கிறார். இவரை விட்டால் பாதிப் பேருக்கு மெஷினே ஓடாது. டிவியை மாற்றலாம், இவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது? தலைவிக்கு நோகாமல், வெளியே நிற்பவனுக்கும் புரியாமல் தோழி மறைத்துப் பேசுகிற பாட்டு ஏதாவது இருந்தால் இரண்டு மூன்று எழுதி அனுப்பு. புதன்கிழமை அவரோடு உட்காரப் போகிறேன்.

நோட்டைத் திருப்பிக் கேட்காதே.

உன்,
செல்வம்