கோடு போடுமுன் மீன்பிடித் தடைக்காலத்துக் கடலூரைப் பாருங்கள்

நலத்திட்டங்களுக்கு வருமான வரம்பு வகுக்கும் தமிழக அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம். நடுத்தரக் குடும்பம் எது என்று எப்படி வரையறுப்பது என்பது பற்றி, கடலூர் மாவட்டத்தில் வீடு வீடாகக் குடும்ப வரவு செலவு கணக்கெடுப்பவர்கள் எழுதும் மடல் இது.

மாதம் 50,000 ரூபாய் சம்பளம் வரும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம். மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த வரம்பு 2.5 லட்சம் என்பதால் அங்கே இது வசதியான குடும்பம். ஒன்றிய அரசின் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு வரம்பு 8 லட்சம். இடஒதுக்கீட்டில் வராத சாதி என்றால் அங்கே இதே வீடு நலிந்த குடும்பம். வருமான வரியோ, புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை இல்லை. நடுத்தரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை இந்த மூன்றில் எதுவும் சொல்லவில்லை.

முதல் பிழை, வீட்டில் எத்தனை பேர் என்று பார்க்காதது. மொத்த வருமானத்தைக் குடும்பத்தாரின் எண்ணிக்கைக்கு உரிய வர்க்கமூலத்தால் வகுப்பது உலகம் முழுக்கப் பழகிய முறை. மாதம் 60,000 ரூபாய், நான்கு பேர், மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு: 60,000-ஐ 2-ஆல் வகுத்தால் 30,000. அதே 60,000, ஆறு பேர், வாடகை 9,000: மிஞ்சும் 51,000-ஐ 2.45-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20,800. படிவத்தில் இரண்டும் ஒரே வருமானம். இப்படி வகுத்த பிறகு, எல்லாக் குடும்பங்களையும் வரிசைப்படுத்தி, நட்டநடுவில் நிற்கும் தொகையின் 75 முதல் 200 விழுக்காடு வரை உள்ளவர்களை நடுத்தரம் என்கிறது பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஈசிடி அமைப்பு. தொடங்குவதற்கு அது போதும்.

ஆனால் எந்த ஆண்டின் வருமானம்? 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பட்டாவில் ஏக்கர் குறையவில்லை, மரம்தான் இல்லை. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வரவே மூன்று ஆண்டு, முழு மகசூலுக்கு இன்னும் பல ஆண்டு. நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கர் என்று நிலத்தை மட்டும் அளக்கிற மகளிர் உரிமைத் தொகை விதிக்கு இது தெரியாது. ஆகவே விவசாயிக்கும் மீனவருக்கும் குறைந்தது மூன்று ஆண்டுச் சராசரி வேண்டும்.

சொத்தில் கடனைக் கழித்துத்தான் எழுத வேண்டும். வில்லங்கச் சான்றில் அடமானம் இருக்கிறதா, டிராக்டரின் ஆர்சி புத்தகத்தில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஏறியிருக்கிறதா, நகை பீரோவில் இருக்கிறதா, அடகுச் சீட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். "எவ்வளவு நகை இருக்கிறது?" என்று கேட்டால் உண்மை வராது. "போன தடைக்காலத்தில் எதை வைத்துச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால் வரும். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, வரவு கிடையாது. அந்த நாட்களைச் சேமிப்பில் ஓட்டிய வீடு நடுத்தரம். வட்டிக்கு வாங்கி ஓட்டிய வீடு, மற்ற மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்பது எங்கள் கணிப்பு.

வாழ்க்கைமுறையை அளக்க உரிமைத் தொகை விதி மின் பயன்பாட்டை எடுத்ததுதான் அதிகம் தடுமாறும் இடம். ஆண்டுக்கு 3,600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600. ஒரே மீட்டரில் மாடியில் மூத்தவர், கீழே தம்பி, பின்கட்டில் அம்மா என்று மூன்று அடுப்பு எரிகிற வீடு அதைச் சுலபமாகத் தாண்டும். இணைப்பு ஒருவர் பெயரில்தான் இருக்கும். எனவே யூனிட்டை அடுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்காமல் எவரையும் நீக்காதீர்கள். காரும் அப்படியே: வண்டியின் வயதையும் தவணையையும் கேட்காமல் அதை வசதியின் அடையாளமாக எழுதக் கூடாது.

வரம்பை ஒரு முறை எழுதி அப்படியே விடுவதும் தவறு. பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை (கிரீமிலேயர்) பிரிக்க ஒன்றிய அரசு 2017-இல் வைத்த 8 லட்சம், விலைவாசி இவ்வளவு ஏறிய பின்னும் நகரவில்லை. நீங்கள் வகுக்கும் வரம்பை ஆண்டுதோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணையுங்கள்.

புதிய படிவத்தை மீனவர் ஊரான தேவனாம்பட்டினம், நகரப் பகுதியான மஞ்சக்குப்பம், முந்திரி விளையும் பண்ருட்டி மூன்றிலும் நூறு நூறு வீட்டில் முதலில் நிரப்பிப் பாருங்கள். ஜூன் முதல் வாரத்தில் வாருங்கள். அப்போதுதான் அடகுச் சீட்டுகள் வீட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டக் குடும்பக் கணக்கெடுப்பாளர்கள்