மூன்று வண்டிகளும் எங்கே நிற்கின்றன என்று காட்டித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கடந்த மாரி வெள்ளத்தில் வடமராட்சி கிழக்குக்குச் சமைத்த சாப்பாடு கொண்டுபோன நாட்களில், அவசரத்தில் ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்ட லொறி கொடிகாமம் தாண்டியதும் ஓட்டுநரின் போன் எடுபடவில்லை. மருதங்கேணியில் பிள்ளைகளோடு காத்திருந்தவர்களுக்கு "வந்துகொண்டிருக்கு" என்பதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை. லொறி போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

அன்றிரவே கொக்குவில் அண்ணை தன் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலியாளர்கள் பேசிக்கொள்ளும் வானொலி) செற்றுகளோடு வந்தார். உங்களுக்குத்தான் முதல் நன்றி, அண்ணை. வண்டி நிற்கும் இடத்தை வானொலியிலேயே அனுப்பிக் காட்டும் ஏபிஆர்எஸ் என்ற முறையை எங்களுக்குப் புரியும்படி சொன்னீர்கள். வண்டியில் உள்ள ஜிபிஎஸ் இடத்தைக் கணிக்கும். ஒரு சின்னப் பெட்டி அதை 1200, 2200 ஹேர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றும். செற் அதை ஒரு நொடி கீச்சிட்டு அனுப்பும். இங்கே யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் அதைக் கேட்டு வரைபடத்தில் புள்ளி வைக்கும். போன் கோபுரமும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டுமே குழம்பிப்போகும் என்று நேரத்தைத் தள்ளித் தள்ளி வைத்ததும் நீங்கள்தான். இந்த முறையை உருவாக்கிய அமெரிக்கர் பாப் புரூனிங்கா 2022இல் காலமானார். அவருக்கும் இங்கிருந்து ஒரு வணக்கம்.

ஹாம் செற்றை உரிமம் உள்ளவர்தான் இயக்கலாம். அதனால் லொறிக்கும் இரண்டு ட்ரக்டர்களுக்கும் ஒவ்வொருவராக ஏறி, நனைந்தபடி போய்வந்த மூன்று தம்பிமாருக்கும் நன்றி. வீட்டில் அம்மாமார் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று தெரியும்.

கொடிகாமத்து மாமிக்கு என்ன சொல்வது! குடாநாட்டில் மலை இல்லை. எல்லாம் தட்டை நிலம், பனைதான் உயரம். பதினைந்து மீற்றரில் ஏரியல் கட்டினாலும் அதற்கு வானொலி அலை எட்டும் அடிவானம் ஏறத்தாழ பதினாறு கிலோமீற்றர்தான். மருதங்கேணியோ யாழ்ப்பாணத்தில் இருந்து நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. நடுவில் ஒரு செற் கேட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் ஒன்றும் நடக்காது. முன்பின் தெரியாத எங்களுக்கு மாமி படலையைத் திறந்துவிட்டார், தண்ணீர்த்தாங்கிக்கு மேலே ஏரியல் கட்டவும் விட்டார். செற்றைப் பார்க்க அங்கே தங்கிய தம்பிக்கு மூன்று நாளும் சாப்பாடு போட்டார். கரண்ட் போனபோது தன் வீட்டு விளக்குக்கு வைத்திருந்த பற்றரியையே கழற்றித் தந்தார். அந்த இரவு மாமி வீட்டில் மெழுகுதிரிதான்.

ஏரியலுக்குக் குழாயும் பிடியும் செய்து, காசு வாங்க மறுத்த சாவகச்சேரி லேத் பட்டறை ஐயாவுக்கும் நன்றி.

இரண்டாம் நாள் பின்னேரம் வரைபடத்தில் ஒரு புள்ளி, மருதங்கேணிக்கு அப்பால் கட்டைக்காட்டுப் பக்கம் அசையாமல் நின்றது. வண்டி சேற்றில் புதைந்துவிட்டது என்று விளங்கி, மற்ற ட்ரக்டரை உடனே அங்கே திருப்பினோம். மருதங்கேணி தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அன்று அந்த ஒரு கீச்சு வந்து சேர்ந்ததே, அதற்காக நான் கும்பிடாத தெய்வம் இல்லை. அன்றைக்குப் பார்சல்கள் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தன.

மாமி, உங்கள் பற்றரி சார்ஜ் ஏற்றித் தயாராக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பூட்டித் தருகிறேன். ஏரியலை மட்டும் அடுத்த மாரி வரைக்கும் அங்கேயே இருக்க விடுவீர்களா?

அன்புடன்,
சாப்பாட்டு வண்டிகளின் கணக்கெழுதிய தம்பி