செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. புத்தாண்டுச் சந்திப்பும் டயர் பராமரிப்பு வகுப்பும் நல்லபடியாக நடந்தன.

அடுத்து, அக்டோபரில் நாம் நடத்திய கார் ரேலிக்கு முன்கூட்டியே போய் வழி பார்த்த விஷயம். "மேப்பிலேயே பார்த்திருக்கலாமே, நாலு தடவை பெட்ரோல் எதற்கு?" என்று கேள்வி வந்தது. பதில் சொல்வது என் கடமை.

நாம் எடுத்துக்கொண்டது ஜப்பானின் 299-ஆம் எண் தேசிய சாலை. குன்மா மாகாணத்தின் உவேனோ கிராமத்தில் தொடங்கி, ஜிக்கோகு, முகிகுசா ஆகிய இரண்டு கணவாய்களைத் தாண்டி, நாகானோ மாகாணத்தின் சினோவில் இறங்குவதாகத் திட்டம். பெயர்தான் தேசிய சாலை. ஜிக்கோகு பக்கம் போனால் ஒரு வண்டி போகும் அகலம்தான் பல இடங்களில். எதிரே ஒன்று வந்தால் யாராவது ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஜப்பானிய மொழியில் 'கொகுதோ' என்றால் தேசிய சாலை. அதே உச்சரிப்பில் எழுத்தை மாற்றிக் 'கொடுஞ்சாலை' என்று இப்படிப்பட்ட வழிகளைச் சொல்வார்கள்.

முதல் தடவை போனது ஏப்ரல் தொடக்கத்தில். முகிகுசா 2,127 மீட்டர் உயரம், குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். விசாரிக்காமல் போனது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது தடவை மே கடைசியில். நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நின்றது. இரண்டு கணவாய்களுக்கும் நடுவிலுள்ள சாகுஹோ பக்கத்துக் கிளைச் சாலையில், வளைவில் எதிரே வருவதைக் காட்டும் கண்ணாடி இருந்த ஓர் அகலமான இடத்தைச் ரேலியின் சோதனைச் சாவடிக்கு என்று குறித்துக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து ஒரு பாட்டி ஏறி வந்தார். "இங்கே வண்டி நிறுத்திவிடாதீர்கள். என் மகன் டிரக்கைத் திருப்புவதற்கு இந்த ஒரு இடம்தான் உண்டு" என்றார். சொல்லிவிட்டு, சும்மா அனுப்ப மனமில்லாமல் நொசாவானா கீரை ஊறுகாய் ஒரு பொட்டலம் கொடுத்தார். அங்கேயே அந்தக் குறியை அழித்தேன். இது எந்த மேப்பில் இருக்கிறது?

மூன்றாவது தடவை, திருப்பத்துக்குத் திருப்பம் தூரத்தை நூறு மீட்டர் கணக்கில் வழிக்குறிப்பேட்டில் எழுதிச் சரிபார்க்க. நான்காவது, ரேலிக்கு முந்தைய வாரம், மழையில் மண் சரிந்திருக்கிறதா என்று பார்க்க. ரேலியில் ஒருவர்கூட வழி தவறவில்லை. முகிகுசாவிலிருந்து இறங்கும்போது இலைகள் பழுத்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வருத்தம் உண்டு. வழி பார்க்க வருவதாக ஆறு பேர் சொன்னார்கள், வந்தவர் ஒருவர். ரேலி நாளன்று வழிக்குறிப்பேட்டை முதலில் கேட்டு வாங்கியவர்கள் சிலர் இன்னும் சந்தா கட்டவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. தலைவருக்கும், பொருளாளருக்கும், வண்டி நிறுத்த இடம் தந்த கிராமத்தாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஷிபு கணவாய்க்குப் போகலாம் என்பது என் யோசனை. 2,172 மீட்டர், ஜப்பானின் தேசிய சாலைகளிலேயே உயரமான இடம். பனி நீங்கிப் பாதை திறந்ததை விசாரித்துக்கொண்டு மே மாதம் வழி பார்க்கக் கிளம்புவேன். தனியாக ஓட்டிக்கொண்டே எழுத முடியாது. என் வண்டியில் இடப்பக்க இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. பென்சிலும் நோட்டும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்