முரளிக்கு: ஆர்சி 390-இன் எக்ஸாஸ்ட் பற்றி

கோவை

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டும் டிராக் டேவுக்கு உன் 2022 கேடிஎம் ஆர்சி 390 பைக்கில் எந்த சைலன்சர் போடலாம் என்று கேட்டிருந்தாய். பின்னால் தொங்கும் டப்பாவைக் கடைசியில் யோசி. முதலில் பெண்ட் பைப் (எஞ்சின் ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்), அதன் ஜாயிண்ட், ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளப்பது), மேப் (எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணை). காசும் இந்த வரிசையில்தான் போகவேண்டும். டப்பாவை மட்டும் மாற்றினால் கேட்-கானும் (புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர்) பெண்ட் பைப்பும் அப்படியே இருக்கும். எடை குறையும், சத்தம் கூடும், பவர் ஒரு குதிரைத்திறன் ஏறினாலே அதிகம். பெண்ட் பைப்பிலிருந்து டப்பா வரை மொத்தமும் மாற்றும் ஃபுல் சிஸ்டமும் சரியான மேப்பும் சேர்ந்தால் இந்த மாதிரி சிங்கிள் சிலிண்டரில் இரண்டிலிருந்து நான்கு வரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் சொல்பவன் விற்பவன்.

"பேக் பிரஷர் இருந்தால்தான் இழுவை" என்று உன் மெக்கானிக் சொன்னாராம். பேக் பிரஷர் என்றால் புகை வெளியேறுவதைத் தடுக்கும் அழுத்தம். பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், அது சரியில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் பைப்பில் ஓர் அழுத்த அலை ஓடும். பைப் சட்டென்று அகலும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சில டிகிரிக்குள் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுப்பதோடு புதுக் காற்றையும் உள்ளே கூட்டிவரும். 9,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி செகண்டுக்கு 54 டிகிரி சுற்றுகிறது, அதனால் பைப் நீளத்தில் கொஞ்சம் மாறினாலும் அலை வேறு ஆர்பிஎம்முக்குத்தான் உதவும். நீளமான பைப் இழுவையைக் குறைந்த ஆர்பிஎம்முக்குக் கொண்டுவரும், குட்டைப் பைப் அதிக ஆர்பிஎம்முக்குத் தள்ளும். விட்டமும் அப்படியே: இந்த 373 சிசிக்கு 38 முதல் 42 மிமீ போதும். 50 மிமீ பைப்பைப் போட்டால் புகையின் வேகம் விழுந்து, நடு ஆர்பிஎம்மில் பெரிய பள்ளம் விழும். அடைப்பை எடுத்ததால் இழுவை போய்விட்டது என்பார்கள், அளவு தப்பிப்போனதுதான் காரணம்.

பட்டறையில் செய்யச் சொல்வதானால் 304 ஸ்டெயின்லெஸ், 1 முதல் 1.2 மிமீ தடிமன். டிக் வெல்டிங் செய்யும்போது பைப்புக்குள்ளேயும் ஆர்கான் விடச் சொல். விடாவிட்டால் உள்பக்கம் வெல்டிங் கருகி, சொரசொரவென்று முடிச்சு முடிச்சாக நிற்கும், பின்னால் அங்கேயே விரிசல் விடும். சென்சாரைத் திருகும் பாஸில் (பைப்பில் வெல்ட் செய்யும் மரை வளையம்) 18x1.5, 12x1.25 என்று இரண்டு மரை உண்டு. உன் சென்சாரைக் கையில் வைத்து அளந்துவிட்டுச் சொல். அதைப் படுக்கைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வைக்கவேண்டும், தண்ணீர் தேங்கினால் உள்ளே இருக்கும் செராமிக் உடையும்.

கழற்றும்போது அவசரப்படாதே. முந்தின ராத்திரியே எஞ்சின் ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடிக்கும் ஸ்டட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை அடித்துவை. மறுநாள் நட் இறுகினால் மல்லுக்கட்டாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி எடு. அலுமினிய ஹெட்டில் ஸ்டட் ஒடிந்தால் மிச்சத்தில் நட்டை வெல்ட் செய்து எடுக்கவேண்டிவரும், பட்டறைக்காரர் கை நன்றாக இருக்கவேண்டும். பழைய கேஸ்கெட் ஒரு தடவை நசுங்கினது நசுங்கினதுதான், புதிதாகப் போடு. எல்லாவற்றையும் முதலில் கைநட்டாக மாட்டி, பிறகு ஹெட்டிலிருந்து பின்பக்கமாக இறுக்கிக்கொண்டு போ. ஃப்ளாஞ்ச் நட் இரண்டையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக மாற்றி மாற்றி. இரு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கவேண்டும். எவ்வளவு நியூட்டன் மீட்டர் என்பதை சர்வீஸ் மேனுவலில் பார். சைலன்சர் பிராக்கெட்டில் ரப்பர் புஷ் கட்டாயம். நேராக இரும்போடு இரும்பாக இறுக்கினால் அதிர்வில் வெல்டிங் விடும். முன் ஃபோர்க் முழுதாக அமுங்கினால் டயர் பெண்ட் பைப்பில் உரசுகிறதா என்பதையும் பார்த்துவிடு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கைரேகையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடு, இல்லாவிட்டால் அது பைப்பில் நிரந்தரமாகச் சுட்டுப் பதியும். முதல் முறை சூடாகி ஆறினபின் நட்டுகளை மறுபடி பார்.

சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதை லீன் (பெட்ரோல் குறைவு) என்று படிக்கும், வண்டியின் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோலைக் கூட்டும். ப்ளக் கரி பிடிக்கும், த்ராட்டில் விடும்போது படபடவென்று வெடிக்கும். பெரும்பாலோர் உடனே மேப்பைக் குறை சொல்வார்கள். குளிர்ந்த எஞ்சினில் வாக்குவம் கிளீனரை ஊதும் பக்கம் மாட்டி, சைலன்சர் வாயில் வைத்து, ஜாயிண்டில் சோப்புத்தண்ணீர் தடவு. குமிழி வந்தால் அங்கேதான்.

மேப்புக்குப் பிக்கிபேக் பாக்ஸ் (இசியுவோடு இணைத்து அதன் கணக்கைத் திருத்தும் பெட்டி) போட்டால் சென்சார் சிக்னலையும் அது கையாளவேண்டும். கையாளாவிட்டால் சீரான வேகத்தில் இசியு உன் திருத்தத்தையெல்லாம் பழையபடி அழித்துவிடும். முழு த்ராட்டிலில் சென்சார் பேச்சு எடுபடாது, அங்கே மேப்தான். காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் லாம்டா 0.87 முதல் 0.90 வரை வைக்கச் சொல் (சமநிலைக் கலவைக்கு லாம்டா 1, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம்). 14.7, 13 என்று பழைய காற்று-பெட்ரோல் விகிதக் கணக்கில் பேசுகிறவரிடம் கவனமாக இரு. இப்போது பங்க்கில் வருவது இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது), அதற்குச் சமநிலை விகிதமே 13.5-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். லாம்டாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

பழைய எக்ஸாஸ்டோடு டைனோவில் (வண்டியின் பவரை அளக்கும் மெஷின்) முதலில் ஓட்டிப் பார். ஒரே டைனோ, முடிந்தால் அதே நாள், ஒரே கியர், எஞ்சின் வெப்பமும் ஒன்றாக, மூன்று ரன். ஸ்டாக்கில் கம்பெனி சொல்வது 43.5 பிஎஸ், 37 நியூட்டன் மீட்டர், அது கிராங்கில். சக்கரத்தில் குறைவாகத்தான் வரும், அதைக் கண்டு பயப்படாதே. உச்சப் புள்ளியை விட்டுவிட்டு 6,000-க்கும் 9,500-க்கும் நடுவில் கோடு எப்படிப் போகிறது என்று பார். உச்சத்தில் 2 குதிரைத்திறன் ஏறி 6,500 ஆர்பிஎம்மில் 3 இறங்கினால், வளைவு விட்டு வெளியே வரும்போது பழைய எக்ஸாஸ்ட்தான் உன்னை முந்தும்.

இதெல்லாம் டிராக்குக்கு மட்டும். கேட்-கான் இல்லாத வண்டியை ரோட்டில் எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகும், மாற்றம் செய்ததற்கு 182ஏ(4)-இல் 5,000 தனி. ஸ்டாக் எக்ஸாஸ்டைத் துடைத்து, சென்சார் ஓட்டையை மூடிப் பத்திரமாக வை. விற்கும்போதும் எஃப்சிக்கும் வேண்டும். டிராக்கிலும் டிபி கில்லரை (சைலன்சர் வாயில் சத்தத்தைக் குறைக்கும் செருகு) எடுக்காதே, டைனோ கோடு அதனால் பெரிதாக மாறாது, காதுதான் போகும்.

டைனோ கிராஃப் இரண்டும் வந்ததும் அனுப்பு. சாந்திக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
சேகர்