நீ தினமும் நடக்கிற பூங்கா

அன்புள்ள பாப்பா,

சான் அன்டோனியோவில் உன்னோடு இருந்த ஒரு மாதமும் காலையில் என்னை பிராக்கன்ரிட்ஜ் பூங்காவுக்குக் கூட்டிப்போவாயே, யார் அந்த பிராக்கன்ரிட்ஜ் என்று கேட்டதற்கு யாரோ பழைய பேங்க்காரர் என்றாய். பேங்க்கில் 34 வருடம் கழித்தவன் அதை அப்படியே விடுவேனா? ஊர் திரும்பியதிலிருந்து அவரைப் பற்றித்தான் படிக்கிறேன். படிக்கப் படிக்க உன்னையும் உன் தம்பியையும் நினைத்துக்கொண்டேன்.

ஜார்ஜ் பிராக்கன்ரிட்ஜ் 1832இல் இண்டியானாவில் பிறந்தவர். 1850களில் குடும்பம் நீ இருக்கிற டெக்சாஸுக்கு வந்தது. அடிமை முறையை விட மனமில்லாத தெற்கு மாநிலங்கள் அமெரிக்காவை விட்டுப் பிரிந்து, வடக்கோடு உள்நாட்டுப் போர் மூண்ட காலம் அது. 1861இல் நாமும் பிரிவதா என்று டெக்சாஸில் வாக்கெடுப்பு நடந்து, 46,000 பேருக்கு மேல் பிரியலாம் என்றார்கள், வேண்டாம் என்றவர்கள் 15,000கூட இல்லை. ஜார்ஜ் பிரியக்கூடாது என்ற பக்கம். கூடப்பிறந்த சகோதரர்கள் மூன்று பேரும் பிரிந்துபோன தெற்கின் படையில் சேர்ந்தார்கள். ஒரே வீடு, பாப்பா. 1862 ஆகஸ்டில் டெக்சாஸில் நியூசெஸ் ஆற்றங்கரையில், பிரிவினையை ஏற்காத ஜெர்மன் குடியேறிகளைத் தெற்குப் படை சுட்டது, அடிபட்டுக் கிடந்தவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் அந்த வீட்டில் அம்மா என்ன பாடுபட்டிருப்பாள் என்றுதான் எனக்கு ஓடுகிறது.

அவர் செய்த ஒன்று இன்னும் நெருடுகிறது. போர் நேரத்தில் பருத்தி வியாபாரத்தில்தான் சம்பாதித்தார். துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைத்துவிட்டதால் பருத்தி வண்டி வண்டியாக ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி, மெக்சிகோவின் மட்டமோரோஸ் வழியாகக் கப்பல் ஏறியது. அடிமைகள் விளைவித்த பருத்தி அது. தெற்கின் போர்ச் செலவுக்கும் அந்த வியாபாரம் கைகொடுத்தது. அமெரிக்கா உடையக்கூடாது என்றவர் அதில் எப்படிக் கை வைத்தார்? இதை உன்னிடம் மறைத்து அவரைப் பெரிய மனிதராகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் வடக்கின் பக்கமிருந்த அமெரிக்க மத்திய அரசின் கருவூல ஏஜென்ட் ஆகி எதிர்ப்பக்கமே போய்விட்டார். போர் முடிந்ததும் அப்படியே வடக்கே தங்கியிருக்கலாம், ஆனால் திரும்பி வந்து 1866இல் சான் அன்டோனியோ நேஷனல் பேங்க்கைத் தொடங்கினார். தன்னைத் துரோகி என்று நினைத்த ஊரில் உட்கார்ந்து அந்த ஊர்க்காரர்களிடமே டெபாசிட் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று கவுண்டரில் இருந்தவனுக்குத் தெரியும். நான் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்ததுதான். தெற்குப் படையில் மேஜராக இருந்த உடன்பிறந்த ஜான், பிறகு ஆஸ்டினில் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்குக்குத் தலைவர் ஆனார், அதை உருவாக்கியதில் ஜார்ஜுக்கும் பங்கு உண்டு. யார் முதலில் பேசினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, பேசியிருக்கிறார்கள், அது போதும்.

பூங்காவுக்கான 199 ஏக்கரை அவர் 1899இல் நகரத்துக்குக் கொடுத்தார். பெண்கள் மருத்துவம், சட்டம் படிக்கப் பணம் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்த எலினோர் என்ற சகோதரியோடுதான் கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தார், 1920இல் இறந்தார். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் கம்பெனியையும் நடத்தியவர், ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி சான் அன்டோனியோ ஆற்றின் ஊற்றுகள் வற்றியபோது, இந்த ஆறு என் பிள்ளை, இது சாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இங்கே இருக்க முடியாது என்று சொன்னாராம்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னேன். தேர்தல் சமயத்தில் நீங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகிறது, இத்தனை நாளும் உன் பெயரை எடுக்காதவன், "அந்த ஊத்துல இப்ப தண்ணி வருதாப்பா? அக்கா வீட்டுக்குப் பக்கமா?" என்று கேட்டான். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் வருமாம் என்றேன். இந்த வாரம் நடக்கப் போகும்போது அங்கேயும் போய் ஒரு போட்டோ எடு. எனக்கு வேண்டாம், அவனுக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா