அந்த இடாப்பை நாம் மறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்காக நம் முகம், கைவிரல் ரேகை, கருவிழி எல்லாம் பதிவாகவிருக்கின்றன. அலுவலக வரிசைகள் குறையும் என்கிறார்கள், குறையட்டும், நல்லதுதான். ஆனால் "மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

1983 ஜூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். வாக்களிப்பதற்கென்று நம்பிக் கொடுத்த பெயர்களும் முகவரிகளும் அவை. அந்த வீட்டுக்காரர்கள் எதை மறைத்தார்கள்? 2007 ஜூன் 7ஆம் திகதி தலைநகர விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது.

அன்று இருந்தது வெறும் கடதாசி. இன்று ஒருவர் யாருடன், எங்கிருந்து, எவ்வளவு நேரம் பேசினார் என்ற விபரமே அவரைக் குறிவைக்கப் போதும். பேச்சை ஒட்டுக்கேட்கவும் தேவையில்லை. அமெரிக்க அரசு தன் மக்களின் அழைப்பு விபரங்களை மொத்தமாகத் திரட்டியதை 2013இல் அந்நாட்டு உளவு அமைப்புக்காக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தினார்.

நம்மிடம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளோ பிற்போடப்பட்டன. அட்டைக்கு முன்னர் அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். என் விபரத்தை எந்த அதிகாரி, எப்போது, எதற்காகப் பார்த்தார் என்று நான் கேட்டறியவும் வழி வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06